கண்வலிக்கிழங்கில் காய் பறிக்கும் பக்குவம்

நெல் முற்றினால் கதிர் தலை சாயும். நிலக்கடலை முற்றினால் ஓட்டின் உட்புறம் கருக்கும். மஞ்சள் முற்றினால் இலையும் தண்டும் காய்ந்து மடியும். இந்த அடையாளங்களை யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாட்டன் காலத்திலிருந்து கண்ணும் கையும் பழகி வந்தவை. கண்வலிக்கிழங்கின் கதை வேறு. வேலியோரத்திலும் குன்றுச் சரிவிலும் தானே முளைத்துப் பூத்துக்கிடந்த கொடியை நாம் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சில பத்தாண்டுகளே ஆகின்றன. ஆகவே இதன் காய் எப்போது பறிக்கப் பக்குவமாகிறது என்பதில் அனுபவமுள்ள விவசாயிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் வட்டாரங்களில் இப்பயிரைச் செய்வோர் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வியும் இதுவே.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1 டன் விதைக்கிழங்கு வாங்கி நட்டு, கம்பிப் பந்தலோ கிளுவை முட்டோ அமைத்து, மாதக்கணக்கில் காலைதோறும் ஆள் வைத்துப் பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்து, ஆறு மாதம் காத்திருந்து பெறும் வருமானம் முழுவதும் கடைசி நான்கைந்து வாரங்களில்தான் முடிவாகிறது. பத்து நாள் முந்திப் பறித்தால் விதை சூம்பி எடை குறைகிறது. பத்து நாள் பிந்தினால் காய் வெடித்து விதை மண்ணில் சிந்துகிறது, அல்லது மழையில் நனைந்து பூசணம் பிடிக்கிறது. இரண்டிலும் நட்டம் நமக்குத்தான், வியாபாரிக்கு இல்லை.

நாம் விற்பது எதை?

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு என்றெல்லாம் வழங்கும் இக்கொடியின் பூ தமிழ்நாட்டின் மாநில மலர். பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன காந்தள் இதுவே. அழகுக்காக இதை யாரும் ஏக்கர் கணக்கில் பயிரிடவில்லை. விதையில் உள்ள கால்ச்சிசின் என்னும் மருந்துப் பொருளுக்காகவே பயிரிடுகிறோம்.

கால்ச்சிசினை 1820-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர்கள் பெல்லெத்தியேயும் காவந்தூவும் ஐரோப்பாவில் வளரும் கால்ச்சிக்கம் என்ற வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்தனர். நம் கண்வலிக்கிழங்கும் அச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. யூரிக் அமிலம் மூட்டுகளில் தங்கி உண்டாகும் கௌட் என்ற வாத நோய்க்கு இம்மருந்து நெடுங்காலமாகப் பயன்படுகிறது. குறைந்த அளவில் இதய நோயாளிகளுக்குக் கொடுக்க 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி வழங்கியது. தசைப்பிடிப்புக்கான மாத்திரை ஒன்றும் இந்த விதையில் உள்ள மற்றொரு பொருளிலிருந்து தயாராகிறது. பயிர்ப் பெருக்க வல்லுநர்களுக்கும் கால்ச்சிசின் வேண்டும். செடிகளின் மரபுத் திரிகளை இரட்டிப்பாக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1937-இல் கண்டறியப்பட்டது.

விதையில் இப்பொருள் இருக்கும் அளவு மிகச் சிறிது. 100 கிலோ நல்ல விதையில் 1 கிலோ கூட இராது. தொழிற்சாலைக்காரர் விதையை வாங்குவதாகச் சொன்னாலும் உண்மையில் அந்த ஒரு கிலோவுக்கும் குறைவான பொருளுக்கே விலை கொடுக்கிறார். விதை முற்றாமல் சூம்பியிருந்தாலும், ஈரமாக இருந்தாலும், தோலும் மண்ணும் கலந்திருந்தாலும், அவருக்குக் கிடைக்கும் பொருள் குறைகிறது. விலையும் குறைகிறது.

மருந்துப் பயிர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் பயிராகும் நிலஆவாரையில் காய் முற்றிப் பழுப்பாகும்வரை காத்திருந்தால் சரக்கு தரம் இறங்கிவிடும். வெளிர் மஞ்சளாகத் தொடங்கும்போதே பறித்தாக வேண்டும். செடிக்கு முதிர்ச்சி என்பது ஒன்று, சரக்குக்குப் பக்குவம் என்பது வேறொன்று. கண்வலிக்கிழங்கில் நல்ல வேளையாக இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. ஆனால் முழுவதும் ஒன்றல்ல. காய் கொடியிலேயே வெடிக்கும்வரை விடுவது செடியின் விருப்பம். அதற்குச் சற்று முன்பே பறிப்பது நமது தேவை.

நாட்கணக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கிழங்கு நட்டு 160 முதல் 180 நாட்களில் காய்கள் அறுவடைக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. ஆடி முற்பகுதியில் நட்டால் மார்கழி, தை மாதங்களில் பறிப்பு அமையும். இந்தக் கணக்கை ஆள் ஏற்பாட்டுக்கும் களம் தயார் செய்வதற்கும் வைத்துக்கொள்ளலாமே தவிர, நாள் வந்துவிட்டது என்பதற்காகக் கத்தரியை எடுக்கக் கூடாது.

காரணம் எளியது. கொடியில் பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. கீழிருந்து மேலாக, வாரக்கணக்கில் தொடர்ந்து மலர்கின்றன. ஒரே கொடியில் அடிப்பூ காயாகி முற்றிக்கொண்டிருக்கும்போது நுனியில் அப்போதுதான் மகரந்தம் சேர்த்த பூ நிற்கும். 175-ஆவது நாளில் அடிக்காய் வெடிக்கத் தயாராக இருக்கும். நுனிக்காய் பால் பிடிக்கும் பருவத்தில் இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பறித்துவிட்டால் இரண்டு தரச் சரக்கும் ஒரே சாக்கில் போகிறது. வியாபாரி மாதிரி எடுக்கும்போது சூம்பிய விதைதான் அவர் கண்ணில் முதலில் படும்.

ஆகவே மூன்று அல்லது நான்கு சுற்றுகளாகப் பறிப்பதே முறை. ஆள் கூலி சற்றுக் கூடும். அதற்காக ஒரே பறிப்பாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் கூலியில் மிச்சப்படுத்தியதைவிட எடையில் அதிகம் இழக்கிறார்கள் என்பதே எமது கருத்து.

இங்கே ஒரு சிறு யோசனை. மகரந்தம் சேர்க்கும் ஆட்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு நிற நூல் துண்டைச் சில காம்புகளில் கட்டிவந்தால் போதும். முதல் வாரம் வெள்ளை, அடுத்த வாரம் சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டம் முழுவதும் கட்ட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து கொடிகளில் கட்டினாலே எந்த உயரத்துக் காய் எந்த வாரத்தது என்று பறிப்புக் காலத்தில் தெரிந்துவிடும்.

காய் சொல்லும் அடையாளம்

இளங்காய் வெளிர் பச்சையாக, வழவழப்பாக, விறைப்பாக இருக்கும். கையில் வைத்தால் அதன் அளவுக்கு ஏற்ற கனம் தெரியும். முற்றத் தொடங்கும்போது மூன்று மாற்றங்கள் உண்டாகும். வெளிர் பச்சை கரும்பச்சையாக மாறும். தோலின் விறைப்புத் தளர்ந்து மேலே மெல்லிய சுருக்கம் விழும். அளவு அப்படியே இருக்க, காயின் எடை குறையும். இம்மூன்றும் சேர்ந்து தெரியும் காயே பறிக்கும் பக்குவத்தில் உள்ள காய்.

அதற்கும் மேல் விட்டுவைத்தால் கரும்பச்சை மங்கி, மஞ்சள் கலந்து, வைக்கோல் நிறத்தை நோக்கிப் போகும். காயின் மூன்று அறைகளும் சேரும் மூன்று வரிகளும் எடுப்பாகத் தெரியும். பின்னர் அந்த வரிகளிலேயே நுனியிலிருந்து பிளந்து, உள்ளே செக்கச்சிவந்த விதைகள் வெளியே தெரியும். பிளந்த காயைப் பார்ப்பதற்கு மாதுளையைப் போல அழகாயிருக்கும். ஆனால் தோட்டத்தில் அங்கங்கே பிளந்த காய் தெரிகிறதென்றால் முதல் சுற்றுப் பறிப்புக்கு நாம் பிந்திவிட்டோம் என்று பொருள்.

வெளி அடையாளத்தை மட்டும் நம்பாமல் உள்ளேயும் பார்த்துவிடுவது நல்லது. தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக, அடிக்காய், நடுக்காய் என்று கலந்து பத்துக் காய்களைப் பறித்து வரி வழியாகப் பிளந்து பாருங்கள். விதை வெண்மையாக, நசுக்கினால் நீர்த்துப்போவதாக இருந்தால் காய் இன்னும் இளசு. வெண்மை மாறி மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் ஏறி, நகத்தால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழாத அளவுக்கு உறுதிப்பட்டிருந்தால் அந்த வரிசைக் காய்கள் தயார். பிளந்த பத்துக் காய்களில் இரண்டு மூன்று மட்டுமே தயாராக இருந்தால் ஒரு வாரம் பொறுத்து மீண்டும் பாருங்கள். இந்தச் சோதனைக்குக் கையுறை அணிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்லியிருக்கிறோம்.

ஏமாற்றும் முதிர்ச்சி

பக்குவம் வராமலே பக்குவம் வந்ததுபோலத் தோன்றும் காய்கள் மூன்று வகை. பலரும் தவறுவது இங்கேதான்.

முதலாவது, நோயால் சுருங்கிய காய். இலைக்கருகல் நோய் கடுமையாகத் தாக்கிய கொடியில் இலைகள் முன்னதாகவே காய்ந்துவிடும். உணவு செல்லாமல் காயின் தோலும் சுருங்கும். வெளியே பார்த்தால் முற்றியது போலவே இருக்கும். பிளந்து பார்த்தால் விதை வெளுத்துச் சூம்பியிருக்கும். வயதால் காயும் கொடி அடியிலிருந்து சீராக மஞ்சளாகிக்கொண்டு வரும். நோயால் காயும் கொடியில் புள்ளிகளும் கருகிய திட்டுகளும் தாறுமாறாகத் தெரியும். பக்கத்துக் கொடி பச்சையாக நிற்கும்போதே ஒரு கொடி மட்டும் காய்ந்து நிற்கும். அத்தகைய கொடிகளின் காய்களைத் தனியாகப் பறித்துத் தனியாகவே உலர்த்துங்கள். நல்ல சரக்குடன் கலக்க வேண்டாம்.

இரண்டாவது, நீர் பற்றாக்குறையால் வாடிய காய். காலையில் தொட்டுப் பார்த்தால் விறைப்பாக இருக்கும் காய், பிற்பகலில் சுருக்கம் காட்டினால் அது முதிர்ச்சியல்ல, தாகம். நீர் பாய்ச்சிய மறுநாள் காலையில் மறுபடியும் பாருங்கள். சுருக்கம் மறைந்திருந்தால் பறிப்பை ஒத்திப்போட வேண்டியதுதான்.

மூன்றாவது, விதை பிடிக்காத காய். இப்பூவின் அமைப்பு விசித்திரமானது. சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி நீண்டு நிற்கும். மகரந்தப்பைகள் வேறு திசையில் விலகி நிற்கும். தன் மகரந்தம் தன் மேல் விழுவது அரிது. காலை 8 மணி முதல் 11 மணிக்குள் கையால் மகரந்தம் சேர்ப்பது இதற்காகவே. அது சரியாக நடக்காத பூக்களும் காயாகும். ஆனால் உள்ளே சில விதைகளே இருக்கும். மற்ற இடம் வெற்றிடம். கையில் எடுத்தால் எடை குறைவாகத்தான் இருக்கும். எடை ஒன்றை மட்டும் வைத்துப் பறிப்பவர் இந்தக் காயைத்தான் முதலில் பறிப்பார். ஆகவே நிறம், சுருக்கம், எடை ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மழை குறுக்கிட்டால்

வடகிழக்குப் பருவமழை நீண்டு மார்கழியிலும் தூறிக்கொண்டிருக்கும் ஆண்டுகள் உண்டு. முற்றிய காய் நனைந்தால் வரிகளின் வழியே நீர் இறங்கி உள்ளே பூசணம் பிடிக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது?

கரும்பச்சையாகி, சுருக்கம் இலேசாகத் தொடங்கிய காய்களை மழைக்கு முன்பே பறித்துவிடலாம். நிழலில் காற்றோட்டமாகப் பரப்பிவைத்தால் அவை அங்கேயே மெல்லப் பழுத்துப் பிளக்கும். எடையில் சிறிது இழப்பு உண்டு; முழு இழப்பைவிட அது மேல். ஆனால் வெளிர் பச்சைக் காய்களை, மழைக்குப் பயந்து, சேர்த்துப் பறித்துவிட வேண்டாம். அவை நிழலில் பழுக்காது, வாடும். அவற்றைக் கொடியிலேயே விட்டுவிட்டு, பாத்தியில் நீர் தேங்காமல் வடித்துவிடுவதில் கவனம் செலுத்துங்கள். தேங்கிய நீரில் கிழங்கு அழுகினால் இந்த ஆண்டின் நுனிக்காய் மட்டுமல்ல, அடுத்த ஆண்டின் பயிரும் போய்விடும்.

பூச்சி, நோய் மருந்து தெளிப்பவர்களுக்கும் ஒரு சொல். லில்லிப் புழு தாக்குதலுக்கோ கருகல் நோய்க்கோ மருந்து அடித்திருந்தால், மருந்துப் புட்டியில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பின்னரே பறிக்க வேண்டும். இது மனிதர் உட்கொள்ளும் மருந்துக்குப் போகும் சரக்கு.

பறிக்கும் முறை

காலைப் பனி உலர்ந்த பிறகு, 9 அல்லது 10 மணிக்குமேல் பறிக்கத் தொடங்கலாம். இக்கொடியின் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்திலுள்ள எதையும் பிடித்துக்கொள்ளும். ஒரு காயைப் பிடித்து இழுத்தால் கொடியே கூட வரும். பக்கத்துக் கொடியும் வரும். எனவே கையால் இழுக்காமல் சிறு கத்தரியால் காம்போடு நறுக்குவதே நல்லது. கொடியில் இலை பச்சையாக இருக்கும்வரை அது மண்ணுக்கடியில் கிழங்குக்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கொடியை அறுப்பது அடுத்த ஆண்டுக் கிழங்கின் எடையை அறுப்பதாகும்.

பறித்த காய்களைக் கூடையில் அல்லது துணிப் பையில் சேர்க்கலாம். பிளாஸ்டிக் சாக்கில் அடைத்து வரப்பில் வெயிலில் வைக்க வேண்டாம். ஒரு பிற்பகலுக்குள் உள்ளே வெந்து வியர்த்துவிடும்.

உலர்த்துதல்

பறித்த காய்களை நிழலில் தார்ப்பாயின் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி, காலையும் மாலையும் திருப்பிவிட வேண்டும். 7 முதல் 10 நாட்களில் பெரும்பாலான காய்கள் தாமாகப் பிளக்கும். பிளந்தவற்றிலிருந்து விதையைக் கையால் பிரித்து, விதையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் மீண்டும் உலர்த்த வேண்டும். காய்த்தோலுக்கும் விலை உண்டு. விதை விலையைவிடக் குறைவு. விதையுடன் தோல் கலந்தால் விதைக்கும் தோலின் மதிப்பே கிடைக்கும்.

நிழல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கால்ச்சிசின் வெளிச்சத்தில், குறிப்பாகச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரில், வேறு பொருளாக மாறும் தன்மை கொண்டது. சிமெண்டுக் களத்தில் நடுப்பகல் வெயிலில் நாட்கணக்கில் போட்டு வைத்தால் விரைவில் காய்வது உண்மையே. ஆனால் நாம் விற்கும் பொருளையே வெயிலுக்குக் கொடுக்கிறோம். காற்றோட்டமுள்ள கொட்டகையோ திண்ணையோ போதும். நாட்கள் சில கூடும், அவ்வளவே.

விதை காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? நெல்லானாலும் கடலையானாலும் ஒன்றை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்ப்பது நமது வழக்கம். இந்த விதையை ஒருபோதும் கடித்துப் பார்க்காதீர்கள். இதற்கு எடைச் சோதனை இருக்கிறது. காயப்போட்ட விதையில் சரியாக 1 கிலோ எடுத்து மெல்லிய துணிப் பையில் கட்டி, அடையாளமிட்டு, மற்ற விதையோடு சேர்த்தே வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அந்தப் பையை நிறுத்து எழுதி வாருங்கள். முதல் நாட்களில் எடை வேகமாகக் குறையும், பிறகு மெதுவாகும். தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் எடை மாறாமல் நின்றால் விதை காய்ந்துவிட்டது. மழை நாளில் எடை சற்று ஏறவும் கூடும். அன்று எடுத்த கணக்கைச் சேர்க்க வேண்டாம். காய்ந்த விதை கடினமாகி, கையில் அள்ளிப் போட்டால் கலகலவென்று ஒலிக்கும்.

விதை ஒரு நஞ்சு

மருந்தாகும் பொருளேதான் இங்கே நஞ்சும். கண்வலிக்கிழங்கின் கிழங்கு, விதை, இலை, பூ அனைத்திலும் நஞ்சு உண்டு. கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். பறிப்புக் காலத்தில் ஆபத்து இன்னும் கூடுகிறது. ஏனென்றால் சிவந்த, பளபளப்பான விதைகள் திண்ணையில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் பத்து நாள் கிடக்கின்றன. மாதுளை முத்து என்று ஒரு குழந்தை வாயில் போட்டுக்கொள்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

இந்த நஞ்சின் கொடுமை அது உடனே தெரியாததுதான். உண்ட சில மணி நேரம் வரை ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். அதன் பிறகே வாய் எரிச்சல், கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். அது ஓரளவு அடங்கியபின் சிறுநீரகம், இரத்தம், நரம்பு என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். 'வாந்தி நின்றுவிட்டது, இனிப் பயமில்லை' என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. உண்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தின்ற விதையிலோ கிழங்கிலோ ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன நஞ்சு என்று மருத்துவருக்கு உடனே தெரிவது உயிரைக் காக்கும். இதற்குரிய முறிவு மருந்து சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வயிற்றிலிருந்து சீக்கிரம் வெளியேற்றுவதும் உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையுமே வழி.

எனவே உலர்த்தும் இடம் வீட்டுத் திண்ணையாக இல்லாமல், கதவுள்ள கொட்டகையாக இருக்கட்டும். விதை பிரிக்கும் ஆட்கள் ரப்பர் கையுறை அணிந்து, புடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். வேலை நடுவே வெற்றிலை போடுவதும் பீடி பிடிப்பதும் கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கருவுற்ற பெண்களை இந்த வேலைக்கு வைக்க வேண்டாம். கால்ச்சிசின் உயிரணுக்கள் பிரிவதையே தடுக்கும் பொருள். விதை புடைத்த முறத்தைத் தானியத்துக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். விதை கட்டிய சாக்கில் பிறகு அரிசியோ மாட்டுத் தீவனமோ கட்டுவது சிக்கனமல்ல. களத்தைக் கூட்டிய குப்பையும் உதிர்ந்த இலையும் ஆடு மாடு மேயும் இடத்தில் விழாமல் குழியில் புதைத்துவிட வேண்டும்.

இத்தனை நஞ்சுள்ள பயிருக்கு உரிமம் வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. கஞ்சா, அபினிச் செடிகள் 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அரசு அனுமதியின்றி ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். கண்வலிக்கிழங்கு அச்சட்டத்தில் வருவதில்லை. பட்டா நிலத்தில் பயிரிடத் தடையில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கிழங்கு தோண்டி வருவது மட்டும் வனச் சட்டப்படி குற்றமாகும்.

சேமிப்பும் விற்பனையும்

நன்கு பராமரித்த தோட்டத்தில் ஏக்கருக்கு 200 கிலோ வரை விதை எடுக்கலாம். முதலாண்டில் இதைவிடக் குறைவாக இருக்கும். இப்பயிருக்கு அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. விதையின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கும் மருந்து ஆலைக்கும் போவதால், வாங்குவோர் சிலரே; விலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குகிறது. இந்த நிலையில் நமக்கிருக்கும் ஒரே பலம் காத்திருக்கும் திறன். நன்கு காய்ந்த விதையை உள்ளே பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டி, பலகையின் மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்கினால் விலை வரும்வரை வைத்திருக்கலாம். ஈர விதையை வைத்திருக்க முடியாது. கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதாகும். அப்படிப் பார்த்தால் பேரம் பேசுவது சந்தையில் தொடங்கவில்லை. பறிப்பிலும் களத்திலும் தொடங்குகிறது.

பூ நிற்கும்போதே முன்பணம் வாங்கிக்கொண்டு விலை பேசிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பணமுடை யாருக்கும் வரும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்படிப் பேசும்போது, 'இன்ன தேதிக்குள் சரக்கு' என்று நாள் குறிப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தத் தேதிக்காகவே இளங்காய்களைப் பறித்துத் தள்ளி, பிறகு தரம் குறைவு என்ற காரணத்துக்காகவே விலை வெட்டப்படும் நிலை வருகிறது. ஒவ்வொரு சுற்றுப் பறிப்பையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, பறித்த நாளை எழுதி வைப்பதும் நல்லது. கடைசிச் சுற்றில் தரம் சற்றுக் குறைந்தால் அதற்கு மட்டும் குறைத்துக் கொடுக்கலாம். முழுச் சரக்குக்கும் விலை இறங்காது.

கடைசிப் பறிப்புக்குப் பின்

நுனிக்காய்களும் முடிந்தபின் கொடியை உடனே அறுத்துவிடாமல் தானாகக் காய்ந்து மடியும்வரை விடுங்கள். ஒரு முறை நட்ட கிழங்கை 5 ஆண்டுகள் வரை அதே இடத்தில் வைத்துப் பயன் பெறலாம். அதன் பின் தோண்டும்போது கலப்பை வடிவக் கிழங்கின் நுனியிலுள்ள முளைக்கண் ஒடியாமல் எடுக்க வேண்டும். அது ஒடிந்தால் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் விதைக்கு உதவாது. மண்ணிலேயே விடும் கிழங்கு மாசி முதல் உறக்கத்தில் இருக்கும். அப்போது நீர் பாய்ச்சினால் அழுகும். கோடை மழைக்குப் பிறகு மண்ணைக் கீறிக்கொண்டு முளை தெரியும்போது முதல் தண்ணீர் கொடுத்தால் போதுமானது.